ஒரு பக்கம் மட்டும் உயர்ந்த மண்மேடு

வெடிமருந்துக் கிடங்கு வைத்திருப்பவருக்கு ஊரில் தனி மரியாதை உண்டு. யாரும் அவர் பக்கத்தில் நெருங்கி உட்கார மாட்டார்கள்.

கல்குவாரிக்காரர்கள் அவருக்கு 'சட்டம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். பாறைக்கு வைக்கும் தோட்டா வாங்க வருகிறவன் சட்டைப்பையில் ஒற்றைத் தீக்குச்சி இருந்தாலும் கேட்டிலேயே நிறுத்திவிடுவார். செருப்பில் ஆணி இருந்தால் வெறுங்காலோடுதான் உள்ளே போக வேண்டும். "எங்க வீட்டுல சட்டம் இருக்கு, ஒழுங்குதான் இல்லை" என்பது அவர் மனைவி கல்யாணமான புதிதில் சொன்னது. இன்றுவரை திருத்தவில்லை.

அந்தச் சட்டத்தின் சொந்த மகள்தான், கிடங்கு வளாகத்துக்குள்ளே இருக்கும் காவலர் அறையில், போன மழைக்காலத்திலிருந்து கைக்குழந்தையோடு குடியிருக்கிறாள்.

அவள் அங்கே போய்ச் சேர்ந்த கதை சுருக்கமானது. பெற்றவர்கள் வாடகைக்கு இருக்கும் மாடிவீட்டுக்கு மாப்பிள்ளை நினைத்த நேரமெல்லாம் வந்தார். வந்தால் வெடித்தார். எந்த நேரத்தில் வெடிக்கும் என்று தெரியாத ஒன்றை வீட்டுக்குள் நடமாட விட எந்தச் சட்டமும் உரிமம் கேட்பதில்லை. கடைசியாக வந்தபோது கதவுத் தாழ்ப்பாளும் மகளின் மணிக்கட்டும் ஒன்றாக முறிந்தன.

கிடங்கு அப்படியல்ல. சுற்றிலும் முள்கம்பி வேலி. கேட்டில் சிவப்பு எழுத்தில் பலகை: அனுமதியில்லாதவர் நுழைந்தால் சிறை. மாப்பிள்ளை ஒருமுறை அங்கேயும் வந்தார், பலகையைப் படித்தார், திரும்பிப் போனார். அன்றைக்குத்தான் மகள் அசந்து தூங்கினாள். ஒரு மலையையே பிளக்கக்கூடிய மருந்து பக்கத்தில் இருக்க, குறட்டை விட்டுத் தூங்கினாள்.

கிடங்கிலிருந்து இத்தனை தூரத்துக்குள் குடியிருப்பு கூடாது என்று சட்டம் சொல்கிறது. காவலர் அறை இருக்கலாம். வரைபடத்திலும் அது காவலர் அறைதான். முதலில் ஒரு பாய் வந்தது. பிறகு வாளி வந்தது. பிறகு தொட்டில். அடுப்புக்கு மட்டும் சட்டம் இடம் கொடுக்கவில்லை. மூன்று வேளையும் மாடிவீட்டிலிருந்து கேரியரில்தான் சாப்பாடு. ஒரு விதியை மீறிக்கொண்டே மற்ற அத்தனை விதிகளையும் முன்பைவிடப் பக்தியோடு கடைப்பிடித்தார்.

உரிமத்தைப் புதுப்பிக்க அதிகாரி நேரில் வரப்போவதாகப் போன வாரம் போன் வந்தது. அந்த நாள் இன்று.

விடிந்ததும் வீட்டைக் காலி செய்யும் வேலை தொடங்கியது. வீடு என்று யாரும் சொல்லக்கூடாது என்பது முதல் உத்தரவு.

"அப்பா, இந்தக் கண்ணாடி இருக்கலாமா?" என்று கேட்டாள் மகள்.

"காவல்காரர் மூஞ்சியை நீ பார்த்திருக்கியா? அவரு கண்ணாடி வச்சிருக்காருன்னா எவன் நம்புவான்?"

வாசலில் நின்ற காவல்காரர் தொண்டையைச் செருமினார். "ஐயா, நான் இங்கதான் இருக்கேன்."

"தெரியும்யா. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். நீ இன்னைக்கு முழுக்க இந்த அறையிலேயே இரு. காலங்காலமா இங்கயே தங்குற ஆள் மாதிரி இருக்கணும்."

"அது எப்படிங்க இருக்கிறது?"

"உன் வீட்டுல எப்படி இருப்பியோ அப்படி."

மகள் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காகத்தான் அவர் விடியற்காலையிலிருந்து வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தார். பயம் வந்தால் அவருக்கு வேடிக்கைப் பேச்சு வரும். பயம் முற்றினால் அதுவும் நின்றுவிடும். வீட்டில் எல்லோருக்கும் இது தெரியும்.

தொட்டிலும் பாயும் மூட்டையாகி ஆட்டோவுக்குக் காத்திருந்தன. சோதனை முடியும்வரை மகளும் குழந்தையும் மாடிவீட்டில் அம்மாவோடு இருப்பது, மாலையில் திரும்பி வருவது. இதுதான் திட்டம்.

ஆட்டோவும் வந்தது. மூட்டை ஏறியது. மகள் ஒரு காலை உள்ளே வைத்தபோது கேட் அறையில் போன் அடித்தது.

"என்னங்க, அவளை அனுப்பிடாதீங்க" என்றாள் மனைவி. குரல் தாழ்ந்திருந்தது.

"ஏன்?"

"மாடிப்படியில உட்கார்ந்திருக்காரு."

"யாரு?"

"யாரா? நாம தேடித் தேடிப் பிடிச்ச தங்கம்தான்."

"என்ன சொல்றாரு?"

"தண்ணி கேட்டாரு, குடுத்தேன். குழந்தையைப் பார்த்துட்டுப் போயிடறேன் அத்தைன்னாரு. நல்லவிதமாத்தான் பேசுறாரு. அதான் பயமா இருக்கு."

அவர் போனை வைத்துவிட்டு வெளியே வந்தார். மகள் அவர் முகத்தைப் பார்த்தாள். எதுவும் கேட்காமல் ஆட்டோவிலிருந்து காலை எடுத்தாள். மூட்டை மட்டும் மாடிவீட்டுக்குப் போயிற்று.

"இப்ப நான் எங்க போறது?"

பதில் சொல்வதற்குள் சாலையில் அரசாங்க ஜீப்பின் புழுதி தெரிந்தது. சொன்ன நேரத்துக்கு முன்பே வருகிற அதிகாரியை அவர் வாழ்நாளில் பார்த்ததில்லை. பார்க்க நேர்ந்தது இன்றைக்குத்தான்.

"மேட்டுக்கு அந்தப் பக்கம் போ" என்றார். "நிழல் இருக்கும். பாப்பா அழாம பார்த்துக்கோ."

கிடங்கைச் சுற்றி நாலு பக்கமும் மண்மேடு உண்டு. உள்ளே ஏதாவது நடந்தால் அதன் வேகம் பக்கவாட்டில் பாயாமல் வானத்தைப் பார்த்துப் போகட்டும் என்பதற்காகச் சட்டம் கேட்கிற மேடு. மகள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அதன் பின்னால், காவலர் அறையின் பின்சுவர் ஓரமாக மறைந்தாள்.

ஜீப்பிலிருந்து இறங்கிய அதிகாரி ஒரு பெண். மகளின் வயதுதான் இருக்கும். அவர் தட்டை நீட்டினார்.

"மேடம், போனை இங்க வச்சிடுங்க. டிரைவர் தம்பி, உங்க லைட்டரையும்."

அதிகாரி போனைத் தட்டில் வைத்தாள். "எல்லா இடத்துலயும் நான்தான் இதைச் சொல்லுவேன். என்கிட்டயே கேட்ட முதல் ஆள் நீங்கதான்."

அவருக்கு உள்ளம் குளிர்ந்துபோயிற்று. பரீட்சைக்குப் படித்துவிட்டு வந்த பையன் மாதிரி முன்னால் நடந்தார். இடிதாங்கியைக் காட்டினார். மணல் வாளிகளைக் காட்டினார். வேலிவரைக்கும் ஒரு காய்ந்த புல் இல்லை. பெட்டிகள் சுவரில் படாமல் அடுக்கியிருந்தன. வெடிக்க வைக்கும் கேப்புகள் தோட்டாக்களோடு சேராமல் தனி அறையில், தனிப் பூட்டில் இருந்தன.

"சம்பந்திகளை இப்படித்தான் மேடம் வைக்கணும்" என்றார். "தனித்தனியா இருக்கிறவரைக்கும் ரெண்டு பேருமே நல்லவங்க."

அதிகாரி சிரித்துவிட்டாள்.

காவலர் அறைக்குப் போனார்கள். உள்ளே ஒன்றுமில்லை. வெறும் தரையில் காவல்காரர் மல்லாந்து படுத்து, வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

"இவர்தான் காவலா?"

காவல்காரர் துள்ளி எழுந்தார். "ஐயாதாங்க, வீட்டுல இருக்கிற மாதிரியே இருக்கச் சொன்னாரு."

கிடங்குக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். அதிகாரியோ, "பகல்ல தூங்கினா ராத்திரி முழிச்சிருப்பாருன்னு எடுத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டுக் கிடங்கு வாசலுக்குத் திரும்பி வந்தாள். இவ்வளவு நல்ல அதிகாரி வந்திருக்கிறாளே, இனி என்ன பயம் என்று அவர் மூச்சு விட்டார்.

அந்த மூச்சு முழுதாக வெளியே வரவில்லை. அதிகாரி மண்மேட்டைப் பார்த்தபடி நின்றுவிட்டாள்.

"மூணு பக்கமும் மேடு ஒரே உயரம். அளவெடுத்த மாதிரி இருக்கு. இந்தப் பக்கம் மட்டும் ஏன் ஐயா ரெண்டு மடங்கு?"

பேத்தி இந்த வளாகத்துக்கு வந்த வாரம் அவருக்குத் தூக்கம் வரவில்லை. கண்ணை மூடினால் கிடங்கு தெரிந்தது, திறந்தால் தொட்டில் தெரிந்தது. லோடு லோடாக மண் அடித்தார். வேலையாட்கள் போதும் என்றார்கள், இன்னும் போடு என்றார். காவலர் அறைப் பக்கம் மட்டும் மேடு வளர்ந்து கிடங்கின் கூரையைத் தாண்டியது. சட்டம் கேட்டதற்கு மேல் அவர் ஆயுளில் செய்த காரியம் அது ஒன்றுதான். வெளியாள் கண்ணுக்கு அது எப்படித் தெரியும் என்று அவருக்குத் தோன்றவேயில்லை.

"மழையில மண் கரையும்ல மேடம். அதான் கொஞ்சம் கூட."

"இந்தப் பக்கம் மட்டுமா மழை பெய்யுது? பின்னாடி என்ன இருக்கு?"

"காவலர் அறைதான். இப்பப் பார்த்தோமே."

"அவர் மேல உங்களுக்கு இவ்வளவு பாசமா?"

"பழைய ஆள் மேடம்."

அதிகாரி மேட்டில் ஏறத் தொடங்கினாள். பாதியில் மண் சரிந்து கையை ஊன்றினாள். நிறுத்துவதற்கு ஒரு வேடிக்கை, ஒரே ஒரு வேடிக்கை கிடைக்காதா என்று அவர் தேடினார். கிடைக்கவில்லை.

உச்சிக்குப் போனவள் அங்கேயே நின்றாள். யாரையும் கூப்பிடவில்லை. கீழே பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மேட்டின் அந்தப் பக்கம் மகள் மண்ணில் சாய்ந்து, துப்பட்டாவுக்குள் குழந்தையை வைத்துப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

"மன்னிச்சிடுங்க மேடம், எழுந்திரிக்க முடியலை. இப்பதான் கண் அசருது."

அதிகாரி மெதுவாக இறங்கி அவள் எதிரில் உட்கார்ந்தாள். அவரும் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார். கேள்விகள் நடந்தன. மகள் ஒன்றையும் மறைக்கவில்லை. மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினாள். எலும்பு சரியாகக் கூடாமல் ஒரு புடைப்பு இருந்தது.

"போலீஸ்ல சொன்னீங்களா?"

"சொன்னோம் மேடம். குடும்ப விஷயம், உட்கார்ந்து பேசித் தீர்த்துக்கங்கன்னாங்க. உட்கார்ந்து பேசினோம். அன்னைக்குத்தான் தாழ்ப்பாள் போச்சு."

அதிகாரி கொஞ்ச நேரம் மண்ணைக் கிளறினாள். "குடியிருப்பு இருந்தா நான் புதுப்பிக்க முடியாது ஐயா. தூரம் பாதிகூட இல்லை. இது உங்களுக்கே தெரியும்."

"தெரியும் மேடம்."

"தெரிஞ்சுமா?"

"அவரைக் கேட்காதீங்க" என்றாள் மகள். "அவரு என்கிட்ட சட்டம்தான் பேசினாரு. நான் கையைக் காட்டினேன். அப்புறம் பேசலை."

அவர் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "அப்ப ஒண்ணு செய்யறேன் மேடம். உரிமத்தை இப்பவே திருப்பிக் குடுத்துடறேன். கிடங்கு வேண்டாம். நான் எங்கயாவது கணக்கு எழுதப் போறேன். மருந்து இல்லைன்னா இது வெறும் அறை. வெறும் அறையில யாரு வேணா இருக்கலாம்ல?"

"இருக்கலாம். ஆனா மருந்து போகணுமே. உரிமம் இல்லாம இங்க வச்சிருக்கக் கூடாது. அனுமதி இல்லாம வண்டியில ஏத்தக் கூடாது. நீங்களா அழிக்கவும் கூடாது. உரிமம் உள்ள இன்னொரு கிடங்குல இடம் கிடைக்கணும், அனுமதி வரணும், அதுக்குன்னு உள்ள வண்டி வரணும். அதுவரைக்கும் நீங்களும் காவல்காரரும் மட்டும்தான் உள்ள இருக்கலாம்."

"வைக்கவும் கூடாது, எடுக்கவும் கூடாது, அழிக்கவும் கூடாது" என்றார் அவர். "இவ கல்யாண விஷயத்துல பெரியவங்க சொன்ன தீர்ப்பும் இதேதான் மேடம்."

யாரும் சிரிக்கவில்லை. அவருக்கே சிரிப்பு வரவில்லை.

"அப்பா" என்றாள் மகள். "கிடங்கு போயிட்டா கேட்டுல இருக்கிற பலகையும் போயிடும்."

அவர் திரும்பிப் பார்த்தார்.

"பலகை போயிட்டா, யாரு வேணா உள்ள வரலாம்."

இது அவருக்குத் தோன்றியிருக்கவில்லை. கிடங்கு இருந்தால் இவள் இங்கே இருக்கக் கூடாது. கிடங்கு இல்லாவிட்டால் இவள் இங்கே இருந்து பிரயோசனமில்லை. இந்தப் பூமியில் இவளுக்குக் காவல் இருந்த ஒரே இடம், இவள் நிற்கக் கூடாத இடம்.

மகளோ அதற்குள் அடுத்த வாசலைத் தட்டிப் பார்த்துவிட்டாள்.

"மேடம், காவலுக்கு ஆம்பளைதான் இருக்கணும்னு சட்டத்துல இருக்கா?"

அதிகாரி யோசித்தாள். "இல்லை. பயிற்சி குடுத்திருக்கணும். நடத்தைச் சான்று வேணும். பொம்பளையா இருக்கலாம்."

"அப்ப என்னைப் போடுங்க. எனக்கு எல்லா விதியும் தெரியும். சின்ன வயசுல மத்த பிள்ளைகளுக்குக் கதை சொல்வாங்க, எங்க அப்பா எனக்கு மணல் வாளி எத்தனை, எங்கெங்கன்னு சொல்லித்தான் தூங்க வச்சாரு."

இவ்வளவு நேரம் இது தோன்றாமல் போயிற்றே என்று அவர் தன்னையே வைதுகொண்டார். "உண்மைதான் மேடம், இவளுக்கு என்னைவிட நல்லாத் தெரியும். நாளைக்கே சான்று வாங்கிடறேன்."

அதிகாரி துப்பட்டாவைப் பார்த்தாள். அதன் ஓரத்தில் ஒரு சின்னப் பாதம் நீட்டிக்கொண்டிருந்தது.

"நீங்க இருக்கலாம். அவ இருக்கக் கூடாது."

"பால் குடிக்கிற பிள்ளை மேடம்."

"உங்களுக்கு உள்ள என்ன இருக்குன்னு தெரியும். ஏதாவதுன்னா எந்தப் பக்கம் ஓடணும்னு தெரியும். அவளுக்குத் தெரியாது. தெரியாதவங்களுக்காகத்தான் அந்தத் தூரத்தையே எழுதி வச்சிருக்காங்க."

அவர் அந்த இடத்தில் இருந்திருந்தால் இதையேதான் சொல்லியிருப்பார். இன்னும் கறாராகச் சொல்லியிருப்பார். தன் பேத்தியாக இல்லாமல் வேறு யார் பேத்தியாக இருந்தாலும் அன்றைக்கே வெளியே அனுப்பியிருப்பார்.

"மேடம்" என்றார். வாழ்க்கையில் ஒருவரிடமும் கேட்டிராத ஒன்றைக் கேட்டார். "நீங்க இதைப் பார்க்கலைன்னு வச்சுக்க முடியாதா?"

"நான் பார்க்காம போயிடலாம் ஐயா. மின்னல் பார்க்காம போகுமா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவளைத் திட்டக்கூட வழியில்லை. திட்ட ஒரு ஆள் இருந்தால் பாதிப் பாரம் குறையும். இந்தப் பெண் அதையும் விட்டுவைக்கவில்லை.

அப்போது காவல்காரர் ஓடிவந்தார்.

"ஐயா, கேட்டுக்கு வெளியே மாப்பிள்ளை வந்திருக்காரு. பைக்குல உட்கார்ந்திருக்காரு."

"உள்ள வர்றேன்னாரா?"

"இல்லைங்க. பலகையைக் காட்டினேன். 'நான் சட்டத்தை மதிக்கிறவன், வெளியவே இருக்கேன்'ன்னாரு. கையில பொம்மை வச்சிருக்காரு."

மகள் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள். குழந்தை விழிக்கவில்லை.

"எப்பக் கிளம்பணும் மேடம்?"

"இப்பவே. பார்த்ததுக்கு அப்புறம் இங்க விட்டுட்டுப் போனா, அது என் பொறுப்பு." கொஞ்சம் தயங்கி, "என் ஜீப்புல வாங்க. அவரைத் தாண்டிக் கூட்டிட்டுப் போறேன். எங்க இறங்கணுமோ அங்க விட்டுடறேன்" என்றாள்.

"நானும் வர்றேன்" என்றார் அவர்.

"நீங்க வரக் கூடாது ஐயா. மருந்தைக் கணக்கெடுத்து சீல் வைக்க ஆள் வரும். அதுவரைக்கும் உரிமம் உள்ளவர் இடத்தை விட்டு நகரக் கூடாது."

அதுவும் அவருக்குத் தெரியும். தெரியாத விதி ஒன்றாவது இருந்திருக்கலாம்.

கேட் அறையில் அதிகாரி போனை எடுத்துக்கொண்டாள். டிரைவர் லைட்டரை எடுத்துக்கொண்டார். மகள் பின்சீட்டில் ஏறினாள். எடுத்துப் போக ஒன்றுமில்லை. எல்லாம் காலையிலேயே மூட்டையாகிப் போயிருந்தன. அவர் ஜீப்பின் கம்பியைப் பிடித்துக்கொண்டு பேத்தியின் உச்சந்தலையை ஒரு விரலால் தொட்டார்.

"பத்திரம்" என்றார். எவ்வளவு உதவாத சொல் அது என்று சொன்ன பிறகுதான் தெரிந்தது.

காவல்காரர் கேட்டைத் திறந்தார். எதிரே மரநிழலில் பைக். அதன்மேல் மாப்பிள்ளை, வெள்ளைச் சட்டையில், மாமனாரைப் பார்த்துக் கும்பிட்டார். மடியில் ஒரு கரடிப் பொம்மை, பாலிதீன் உறை பிரிக்காமல்.

டிரைவர் வண்டியைக் கிளப்பிவிட்டுக் கண்ணாடி வழியே பின்னால் பார்த்தார்.

"எங்கம்மா போகணும்?"

மகள் அப்பாவைப் பார்த்தாள். மாடிவீட்டின் தாழ்ப்பாளை இன்னும் மாற்றவில்லை. சொந்தக்காரர்கள் என்று இருந்தவர்களெல்லாம் பேசித் தீர்க்கச் சொன்னவர்கள். அவர் வாயைத் திறந்தார். ஒரு தெருவின் பெயர், ஒரு வீட்டின் பெயர், எதுவும் வரவில்லை. முன்சீட்டில் அதிகாரி அசையாமல் நேரே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வலப்பக்கமா, இடப்பக்கமா?" டிரைவர் மறுபடி கேட்டார். "அதை மட்டுமாவது சொல்லுங்க."

"நீங்க எடுங்கண்ணா" என்றாள் மகள். "போய்க்கிட்டே சொல்றேன்."

ஜீப் வலப்பக்கம் திரும்பியது. அதற்கு எந்தக் காரணமும் இல்லை. மாப்பிள்ளை அவசரப்படவில்லை. பொம்மையைப் பெட்ரோல் டாங்கின்மேல் நேராக உட்கார வைத்தார், கிக்கரை உதைத்தார், அவரும் வலப்பக்கம் திரும்பினார்.

மாமனார் கேட்டின் எல்லைக் கோடுவரைக்கும் ஓடினார். செருப்பின் முனை கோட்டைத் தொட்டது. பின்னால், ஒரு மலையைப் பிளக்கும் மருந்து, அவர் ஒருவரின் பொறுப்பில்.

புழுதி அடங்கும்வரை காவல்காரர் பொறுத்திருந்தார்.

"ஐயா, கேட்டைச் சாத்தட்டுமா?"

அவர் சாலையைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"சாத்து" என்றார். "திறந்து கிடக்கக் கூடாது."